ஊதா வக்கீலின் தலைக்குள் முந்நூறு மெகாபைட்

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மொன்தெர்ரேயிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்பதும், அதற்குள் கணினிக் கோப்புகளை எதில் வைப்பது என்று அக்கா ஓதீலியாவும் தம்பியும் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும் என்பதும், வராவிட்டால் தானே தீர்ப்புச் சொல்லிவிடுவதாகத் தோன் எவரார்தோ மேஜையைத் தட்டியதில் ஜாடியிலிருந்த ஊறுகாய் மிளகாய் மகன் காசிமிரோவின் மடியில் விழுந்ததும் போன வாரமே தெரிந்த விஷயங்கள். மிளகாய்க் கறை இன்னும் போகவில்லை. முடிவும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் வந்துவிட்டது.

காலை ஏழு மணிக்கு ஓதீலியா மாடிக்கு ஏறினாள். சுவரில் ஆறு ஆணிகள், ஆறு முகமூடிகள். கடைசி ஆணியிலிருந்த ஊதா முகமூடியை எடுத்து மாட்டி, பின்னந்தலைக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு கணினியின் முன் உட்கார்ந்தாள்.

இதில் வேடிக்கை எதுவும் இல்லை. அந்த வீட்டில் அதுதான் பூட்டு.

அவர்கள் செய்துகொண்டிருந்தது முகமூடி மல்யுத்தம் பற்றிய ஒரு வீடியோ கேம். அதில் ஆறு மல்லர்கள். ஆறாவது மல்லன் ஊதா வக்கீல், அதாவது சாட்சாத் தோன் எவரார்தோ. ஒரு காலத்தில் குவாதலஹாரா நகரம் முழுக்க நடுங்கிய பெயர். கழுத்தில் டையும் கையில் தோல்பெட்டியுமாக மேடை ஏறுவார், எதிராளியின் மேல் வழக்குப் போட்டுவிட்டுத்தான் அடிப்பார்.

ஒவ்வொரு மல்லனும் கணினியில் ஒரு சிற்பம். ஒரு பெரிய கோப்பு. வக்கீல் மட்டும் நாலு ஜிகாபைட். ஒரே மல்லனை இரண்டு பேர் ஒரே சமயத்தில் திறந்து செதுக்கினால், கடைசியாகச் சேமிக்கிறவரின் வேலைதான் மிஞ்சும். மற்றவரின் உழைப்பு ஆவி. ஆகவே இரண்டு வருடத்துக்கு முன் தோன் எவரார்தோ ஒரு சட்டம் போட்டார். எந்த மல்லனைத் தொடுகிறாயோ, அவன் முகமூடியை மாட்டிக்கொள். வேலை முடிந்ததும் கழற்றி ஆணியில் மாட்டு. ஆணி காலியாக இருந்தால் அந்தக் கோப்புப் பக்கமே போகாதே. ஒரு முகமூடிக்குள் இரண்டு தலை நுழையாது.

சட்டம் நன்றாகவே ஓடியது. மே மாத வெயிலில், சண்டை அசைவுகளைச் செய்கிற ஃபெர்மின் வௌவால் முகமூடியோடு மயங்கி விழுந்தபோதுகூட யாரும் அதைக் கழற்றவில்லை. ஒரு மல்லனின் முகமூடியில் அடுத்தவன் கை வைப்பதும் நடுத்தெருவில் உடுப்பை உருவுவதும் அந்த ஊரில் ஒன்றுதான். முகமூடியின் மேலேயே தண்ணீர் தெளித்து டாக்ஸியில் ஏற்றினார்கள். டாக்டர் முகமூடியோடு நாக்கைப் பார்த்தார், மருந்துச் சீட்டை வௌவாலின் பெயருக்கே எழுதினார். மருந்துக்கடைக்காரர் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துக் கேட்டார்.

மொன்தெர்ரே ஆட்கள் பார்க்க வருவது வக்கீலைத்தான். வக்கீல் பிடித்திருந்தால் கேமை அவர்கள் உலகம் பூராவும் வெளியிடுவார்கள். பிடிக்காவிட்டால் மாடியை மூடிவிட்டு ஆளுக்கொரு வேலை தேட வேண்டியதுதான். அதற்காகவே பதினோரு வாரமாக ஓதீலியா அந்த ஒரு கோப்பிலேயே குடியிருந்தாள். முகமூடியின் தையல் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குத்தியிருந்தாள்.

கோப்பைத் திறந்தாள்.

திரையில் ஊதா நிறத்தில் ஓர் உருளைக்கிழங்கு நின்றது.

தையல் இல்லை. டையின் மடிப்பு இல்லை. தோல்பெட்டியின் கீறல் இல்லை. பதினோரு வாரத்துக்கு முந்தைய மொத்தை அது. ஓதீலியா மூடித் திறந்தாள். மறுபடி மூடித் திறந்தாள். உருளைக்கிழங்கு அசையவில்லை.

"காசீ...!"

எதிர்வீட்டுக் கிளி அதற்குப் பிறகு அன்று முழுக்கப் பேசவில்லை.

காசிமிரோ வாயில் பல்துலக்கியோடு வந்து நின்றான். "என்னக்கா, காலங்காத்தால? பல்லு வெளக்க விடமாட்டியா?"

"வக்கீல் எங்கடா?"

"உன் மூஞ்சியிலதான் இருக்காரு."

"ஃபைல்டா! நேத்து சாயங்காலம் அஞ்சரைக்கு சேவ் பண்ணிட்டு எறங்கினேன். இப்போ பாரு இத!"

காசிமிரோ பார்த்தான். வாயில் இருந்த நுரையை விழுங்கிவிட்டான். "நேத்து ராத்திரி எட்டு மணி பதினோரு நிமிஷத்துக்கு யாரோ மேல ஏத்தியிருக்காங்க."

"யாரு?"

"வக்கீல்."

"வெளையாடாத."

"நான் எங்க வெளையாடறேன்? நம்ம எல்லாருக்கும் அதே பேருதானே! மல்லனுக்கு எதுக்கு ரெண்டு பேருன்னு அப்பாதானே எல்லாரையும் 'வக்கீல்'னே உள்ள வரச் சொன்னாரு. நான் செஞ்சாலும் வக்கீல், நீ செஞ்சாலும் வக்கீல், ஃபெர்மின் செஞ்சாலும் வக்கீல்."

"பேக்கப்?"

"ராத்திரி பன்னெண்டுக்குப் பழசு மேலயே புதுசு ஏறிடும். அதுலயும் உருளைக்கிழங்குதான் இருக்கும்."

ஓதீலியா நாற்காலியில் சாய்ந்தாள். முகமூடிக்குள் அழுவதில் ஒரு வசதி உண்டு, யாருக்கும் தெரியாது. ஒரு தொல்லையும் உண்டு, துடைத்துக்கொள்ள முடியாது.

காசிமிரோ திரைக்கு அருகில் குனிந்தான். "அக்கா, ஒண்ணு கவனிச்சியா? இது பழசுதான். ஆனா பழசைவிட முந்நூறு எம்பி கனம். உள்ள எதையோ வெச்சிருக்காங்க."

உள்ளே எதுவும் இருக்கக் கூடாது. தோன் எவரார்தோவின் இரண்டாவது சட்டம் அது. முகமூடிக்குள் தலை செய்யாதே, யார் முகத்தையும் காட்ட நமக்கு உரிமை இல்லை. ஆகவே ஆறு மல்லர்களும் உள்ளே வெறும் கூடு.

ஓதீலியா திரையில் முகமூடி அடுக்கை மட்டும் அணைத்தாள்.

கூடு காலியாக இல்லை. ஒரு முகம் இருந்தது. பெண் முகம், முப்பது வயதிருக்கும். வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு, தாடையில் மச்சம். மூக்கு கொஞ்சம் சப்பை. எதையோ சொல்லாமல் அடக்கிக்கொண்ட மாதிரி வாய்.

பல்துலக்கி தரையில் விழுந்தது.

"அக்கா," என்றான் காசிமிரோ. "இது அம்மா."

அந்த நேரம் பார்த்து ஃபெர்மின் வேலைக்கு வந்தான். திரையைப் பார்த்தான். சிலுவை போட்டுக்கொண்டான். தனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்த வழியே இறங்கிப் போனான்.

கீழ்த்தளம் ஹசிந்தாவின் பட்டறை. ஊரில் பாதி மல்லர்களுக்கு அவள்தான் முகமூடி தைக்கிறாள். பிள்ளைகள் கூப்பிட்ட சத்தத்துக்கு அவசரமில்லாமல் மாடி ஏறி வந்தாள். உதட்டில் நாலு குண்டூசி. திரையைப் பார்த்ததும் குண்டூசிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"தெறந்துட்டீங்களா? மூக்கு கொஞ்சம் சப்பையா வந்துடுச்சு."

"அம்மா, நீயா செஞ்சே?"

"பின்னே? பதினோரு வாரமாச்சு. இந்த ஃபைலைக் கீழ இருக்கற பழைய கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கிட்டுப் போயி, கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு, நேத்து முடிச்சேன். எடுத்த எடத்துலயே கொண்டாந்து வெச்சுட்டேன். நான் என்ன தப்பு பண்ணேன்?"

"முகமூடி போடாம தொட்டியா?" என்று கேட்டான் காசிமிரோ. அவனுக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி.

"யாருடா சொன்னா? சட்டம்னா சட்டம். போட்டுக்கிட்டுத்தான் செஞ்சேன்." ஹசிந்தா மேலங்கிப் பையிலிருந்து இன்னொரு ஊதா முகமூடியை எடுத்துக் காட்டினாள். "எப்பவும் ரெண்டாத்தானே தெப்பேன். ஒண்ணு கிழிஞ்சா ஒண்ணு."

கீழே முகமூடி தைக்கிற பட்டறையை வைத்துக்கொண்டு மேலே முகமூடியைப் பூட்டாக வைத்திருக்கிறோம் என்பது இரண்டு வருடமாக அந்த வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இப்போது மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது.

"சரி," என்றாள் ஓதீலியா, தன் முகமூடியைக் கழற்றியபடி. "எதுக்கும்மா உன் மொகத்த வெச்சே?"

"என் மொகம்தானே உள்ள இருந்தது."

படியில் முழங்கால் சொடுக்குகிற சத்தம் கேட்டது. காப்பிக் கோப்பையோடு தோன் எவரார்தோ வந்தார். திரையைப் பார்த்தார். எழுபத்தோரு வயதில் அவர் முகம் வெளுத்ததை அன்றுதான் பிள்ளைகள் பார்த்தார்கள்.

"அத அணை."

"எதுக்கு அணைக்கணும்?" என்றாள் ஹசிந்தா. "முப்பத்து மூணு வருஷமா அணைஞ்சுதானே கெடக்கு, கிழவரே."

மிச்சத்தையும் அவளே சொல்ல வேண்டியிருந்தது. அவள் சொன்னாள். துணி அளக்கிற குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்.

எண்பத்தொன்பதில் அவருக்கு முழங்கால் போய்விட்டது. ஒரு வாரம் மேடை ஏறாவிட்டால் வக்கீல் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். முதல் செவ்வாய்க்கிழமை ஹசிந்தா தோளுக்குப் பஞ்சு வைத்துத் தைத்து, டை கட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு வாரத்துக்குத்தான் என்று நினைத்தாள்.

"ரெண்டரை வருஷம்," என்றாள். "செவ்வாக்கெழமை தவறாம."

"செவ்வாக்கெழமை நீ தையல் வகுப்பு எடுக்கப் போவியே!" என்றாள் ஓதீலியா.

"வகுப்புதான் எடுத்தேன். அவனுங்களுக்கு."

"யாருமே கண்டுபிடிக்கலயா?"

"அடி வாங்கறவனுக்கு ஆராய்ச்சி பண்ண நேரம் ஏது? ஒருத்தன மூணாவது வரிசை வரைக்கும் தூக்கிப் போட்டேன். உங்க பெரியம்மா மடியில போய் விழுந்தான். அடுத்த வருஷம் அவங்களுக்குக் கல்யாணம்."

"பெரியப்பாவா?" காசிமிரோ தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நல்ல மனுஷன். வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல."

இருநூற்றுப் பன்னிரண்டு தையலையும் அவள் பழைய புகைப்படங்களைப் பார்த்துப் பார்த்துக் குத்தியிருந்தாள். பதினோரு வாரம் அந்தத் துணியை உற்றுப் பார்த்தும், கண்துளைக்குள் இருந்தது தன் அம்மாவின் கண் என்று தெரியவில்லை. பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. கீழே கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், சாம்பல் நிறத்தில் ஒரு முகமூடி இருக்கிறது. தொண்ணூற்றொன்றில், முகமூடிக்கு முகமூடி பந்தயம் வைத்து, சிமெண்ட் பிசாசைத் தோற்கடித்து வக்கீல் கழற்றிக்கொண்டு வந்தது. கேமின் கடைசிக் கட்டமே அந்தச் சண்டைதான்.

"அப்போ சிமெண்ட் பிசாசு? அதுவும் நீயாம்மா?"

"சேச்சே. அது ஞாயித்துக்கெழமை. உனக்கு அம்மை போட்டிருந்தது. உன் பக்கத்த விட்டு நகரல நான். அது உங்கப்பா." ஹசிந்தா கணவனைப் பார்த்தாள். குரலில் முதன்முறையாக ஒரு குழைவு வந்தது. "அந்த முழங்காலோட போனாரு பாரு. அதுக்காகத்தான் மத்தது எதையும் நான் பேசல. இப்போ வயசாச்சு. செவ்வாக்கெழமையாவது என்னோடதுன்னு ஒரு எடத்துல இருக்கட்டும்னு தோணுச்சு."

தோன் எவரார்தோ கோப்பையை மேஜையில் வைத்தார். மேஜை அங்கே இல்லை. காப்பி தரையெல்லாம் ஓடியது. அவர் அதைக் கவனிக்காமல் படி இறங்கிப் போனார்.

"வெக்கப்படறாரு," என்றாள் ஹசிந்தா. "விடு, ஆறிடும்." குண்டூசிகளை வாயில் வைத்துக்கொண்டு அவளும் இறங்கினாள்.

ஒன்பதரை ஆகிவிட்டது.

காசிமிரோ தரையிலிருந்து எழுந்தான். ஈரத் துணியால் காப்பியைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"அக்கா, அடிக்கமாட்டேன்னு சொல்லு."

"என்ன?"

"உன் வேலை போகல. ஒம்போது நாளா நான் திருட்டுத்தனமா என்னோட 'கிட்'ங்கற கருவிய ஓட்டிப் பாத்துக்கிட்டு இருக்கேன். தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு மொத்த ஃபோல்டரையும் ஒரு பிரதி எடுத்து வெச்சுக்கும். நேத்து ஆறு மணி பிரதியில உன் வக்கீல் முழுசா இருக்காரு."

அப்பா தீர்ப்புச் சொல்லும்வரை இருவரும் எதையும் நிறுவக் கூடாது என்று போன வாரம் ஒப்பந்தம். ஓதீலியா முகமூடியால் அவனை நாலு அடி அடித்தாள். ஐந்தாவது அடிக்குப் பதிலாகக் கட்டிக்கொண்டாள்.

போன வாரச் சண்டை இதுதான். காசிமிரோவின் கருவியில் அவரவர் முழு மூட்டையையும் அவரவர் முதுகில் சுமக்க வேண்டும். எழுதுகிற நிரலுக்கு அது அருமை. நாலு ஜிகா சிற்பங்களுக்கு முதுகு ஒடிந்துவிடும் என்பது ஓதீலியாவின் கட்சி. அவள் கேட்டது ஒரு பொது அலமாரி. எல்லாம் ஓர் இடத்தில். எடுக்கிறவர் பெயரைச் சொல்லிப் பூட்டி எடுக்க வேண்டும், திருப்பி வைக்கும்வரை அடுத்தவர் தொட முடியாது.

"கனத்துக்கு வழி இருக்குக்கா. பஸ் ஸ்டாண்டுல பெட்டிய வெச்சுட்டு டோக்கன் வாங்கற மாதிரி. பெருசு ஒரு எடத்துல இருக்கும், மூட்டையில டோக்கன் மட்டும்தான்."

"நேத்து டோக்கன் இருந்திருந்தா அம்மா மேல ஏத்தாம நின்னிருப்பாங்களா?"

காசிமிரோ யோசித்தான். "மாட்டாங்க."

"சரி, என்னோடதையும் அம்மாவோடதையும் ஒண்ணா சேத்துடு. நீதான் நிரலை வரி வரியா சேப்பியே."

"அது எழுத்து. எந்த வரிய யாரு மாத்தினாங்கன்னு பாத்து ரெண்டையும் வெச்சுக்கலாம். இது சிற்பம். நீ ஒரு மூக்கு, அம்மா ஒரு மூக்கு வெச்சா, சேத்தா நடுவுல நல்ல மூக்கா வரும்? ரெண்டுல ஒண்ணுதான்க்கா மேல நிக்கும். இன்னொண்ணு தொலையாது, அடியில இருக்கும். ஆனா ஒண்ணுதான்."

ஓதீலியா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் பதினோரு வார வேலைப்பாடு, உள்ளே காலி. அந்தப் பக்கம் உருளைக்கிழங்கு, உள்ளே அம்மா. கையால் ஒட்டவைக்க உட்கார்ந்தால் இரண்டு வாரம் ஆகும். இருப்பது ஆறு மணி நேரம்.

கீழே போய்க் கேட்டாள். ஹசிந்தா தையல் இயந்திரத்தை நிறுத்தவில்லை.

"உன்னோடதையே வெய்யி. எனக்கென்ன, உள்ள இருந்து பழக்கம்தான்."

அதைக் கேட்ட பிறகு ஓதீலியாவால் தன்னுடையதை வைக்க முடியவில்லை.

மதியம் பன்னிரண்டுக்கு அலமாரியை நிறுவினார்கள். காசிமிரோவே நிறுவினான். தோற்றவனுக்குரிய முகத்தோடு ஆரம்பித்து, பாதியில் உற்சாகம் வந்துவிட்டது. முதல் வைப்பு ஓதீலியாவின் வக்கீல். அதன் மேல் இரண்டாவது வைப்பு ஹசிந்தாவின் வக்கீல். ஒவ்வொன்றிலும் வைத்தவர் பெயர், நேரம், காரணம். இனி யாரும் 'வக்கீல்' இல்லை. ஆளுக்கொரு பெயர். வீட்டுத் தலைவருக்கும் ஒன்று.

இரண்டரை மணிக்குத் தோன் எவரார்தோ படியேறி வந்தார். காரக் குழம்பில் முக்கிய தோர்த்தா ரொட்டிகளைப் பிள்ளைகளுக்காக வாங்கி வந்திருந்தார். எங்கே போயிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

"இதுல பூட்டறது எப்படி?"

தகப்பன் தன் வாழ்க்கையில் முதன்முறையாகக் கணினியைப் பற்றிக் கேட்ட கேள்வி அது. காசிமிரோவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு, எந்தப் பொத்தான், எந்தக் கட்டம் என்று மூன்று தடவை சொல்லிக்கொடுத்தான். "காரணம் எழுதாம பூட்டாதுப்பா. எதுக்குப் பூட்டறீங்கன்னு ஒரு வரி எழுதணும்."

"நியாயம்தான்," என்றார் அவர்.

மூன்றரைக்கு ஓதீலியா கை கழுவிவிட்டு வந்தாள். உருளைக்கிழங்குக்கு விளக்கு வெளிச்சமாவது சரியாக வைத்துக் காட்டலாம் என்று கோப்பை எடுக்கப் போனாள். அலமாரி மறுத்தது.

பூட்டப்பட்டுள்ளது. பூட்டியவர்: எவரார்தோ.

"காசி! அப்பா பூட்டிட்டாருடா!"

காசிமிரோ ஓடி வந்தான். "நான்தானே நிர்வாகி. ஒடைச்சிடலாம்." விசைப்பலகையில் கை வைத்தவன், அக்காவின் பார்வையைப் பார்த்து நிறுத்தினான். மேடையில் ஒருவனின் பின்னந்தலைக் கயிற்றில் கை வைத்துவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. கையை எடுத்துவிட்டான்.

"காரணம் என்ன எழுதியிருக்காரு?"

ஒற்றை விரலால் தட்டிய வரி. தட்டி முடிக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

'அந்த ஞாயிறு நான் போகவில்லை. ஹசிந்தா என்று நினைத்தேன்.'

ஓதீலியா படித்தாள். காசிமிரோ சத்தமாகப் படித்தான். படியேறி வந்துகொண்டிருந்த ஹசிந்தாவின் காதில் அது விழ, அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவளுக்குப் பின்னால் தோன் எவரார்தோ.

"திரும்பிப் பாக்காத," என்றார். "பாத்தா சொல்ல முடியாது. அன்னிக்கு நான் சாப்பலா ஏரிக்கு பஸ் ஏறிப் போயிட்டேன். பயம். பையும் முகமூடியும் வாசக்கதவு கொக்கியிலயே தொங்குச்சு. கரையில ஒக்காந்து வறுத்த மீன் தின்னேன். திரும்பி வர்ற பஸ்ஸுல எல்லாரும் பேசிக்கறாங்க, வக்கீல் ஜெயிச்சுட்டாரு, வக்கீல் ஜெயிச்சுட்டாருன்னு. வீட்டுக்கு வந்தா பை அதே கொக்கியில இருக்கு. உள்ள சாம்பல் முகமூடி. நீ அசந்து தூங்கற. ஜெயிச்ச களைப்புன்னு நெனச்சேன்."

"அம்மை போட்ட புள்ளையப் பாத்த களைப்புய்யா அது!" ஹசிந்தா திரும்பாமலே கத்தினாள். "கேக்கறதுக்கென்ன?"

"முகமூடி போட்டவங்கள யாருன்னு கேக்கலாமா?"

அவளும் அதனால்தான் கேட்கவில்லை. முப்பத்து மூன்று வருடம், ஒரே கட்டிலில், ஒருவரையொருவர் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள்.

"அப்போ யாரு?" என்றான் காசிமிரோ.

ஹசிந்தா படியில் உட்கார்ந்தாள். விரல்கள் தாமாக மடியில் ஒரு துணியை நீவின. "மறுநாள் திங்கக்கெழமை வக்கீலோட ஊதா முகமூடியத் தெச்சேன். பின்னால தையல் மொத்தமும் பிரிஞ்சிருந்தது. அளந்து பாத்தேன், அறுபத்து மூணு சென்டிமீட்டர். ஜெயிச்ச திமிருல இவருக்குத் தலை வீங்கிடுச்சுன்னு நெனச்சேன்."

"என் தலை அம்பத்தெட்டு."

"தெரியும்யா. வீக்கம் வடிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்."

சுவர்க்கடிகாரம் நாலுக்குப் பத்து காட்டியது. ஓதீலியா தகப்பனின் கையைப் பிடித்து நாற்காலிக்கு அழைத்துவந்தாள்.

"தெறங்கப்பா."

"எந்த மொகத்த வெக்கப் போற?"

"அம்மா மொகம் செவ்வாக்கெழமைக்கு. அதுக்குத் தனி ஃபைல், அம்மா பேருல. யாரும் தொட முடியாது." அவள் ஹசிந்தாவைப் பார்த்தாள். "ஆனா இந்த ஆட்டம் ஞாயித்துக்கெழமையோடது. அதுக்கு என்னோடதுதான் சரி. உள்ள ஒண்ணும் இல்லாதது."

ஹசிந்தா யோசித்தாள். "தனி ஃபைல்னா மூக்க சரி பண்ணிக்கலாமா?"

"எவ்வளவு நாள் வேணாலும் எடுத்துக்கோ."

தோன் எவரார்தோ ஒற்றை விரலால் பூட்டைத் திறந்தார். ஓதீலியா உடனே அதைத் தன் பெயரில் பூட்டினாள். உருளைக்கிழங்கு அடியில் போயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டு தையல்களோடு ஊதா வக்கீல் மேலே வந்து நின்றார், கழுத்தில் டை, கையில் பெட்டி, கண்துளைகளுக்குப் பின்னால் இருட்டு.

வாசல் மணி அடித்தது. கீழே கனத்த செருமலோடு யாரோ பேசுகிற சத்தம். ஹசிந்தா எழுந்து போனாள்.

அலமாரி காரணம் கேட்டது. கேட்டால் விடாது. ஓதீலியா விரல்களை விசைப்பலகையின் மேல் வைத்தாள். பிறகு உண்மையை எழுதினாள்.

'உள்ளே இருந்தவர் யார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.'

வைப்பு எண் மூன்று. பெயர்: ஓதீலியா. நேரம்: மூன்று ஐம்பத்தெட்டு. அலமாரி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.